மெட்டுகுடா முந்தாநாள்

மெட்டுகுடாவில் கோவிந்தராஜன் வீட்டில் முந்தாநாள் என்றால் அது எந்த நாளாகவும் இருக்கலாம். நேற்றைக்கு முந்தின நாளாக இருக்கலாம், போன தீபாவளியாக இருக்கலாம், ரயில்வேயில் நீராவி இஞ்சின் ஓடிய காலமாகவும் இருக்கலாம். ஹைதராபாத்காரர்கள் பேசும் உருதுவில் ‘பர்ஸோ’ என்ற சொல்லுக்கு இப்படி ஒரு விசாலமான மனசு உண்டு. நாலு தலைமுறையாக அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த வீட்டின் தமிழுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒருதரம் கோவிந்தராஜன் ஆம்பூரிலிருந்த தன் சித்தப்பா மகன் நாராயணஸ்வாமியிடம் போனில் பேசும்போது, “நம்ம ரயில்வே கார்டு அனந்தகிருஷ்ணன் இருந்தானில்ல, முந்தாநாள் போயிட்டான் பாவம்” என்று சொல்லிவைத்தார். மறுநாள் காலை நாராயணஸ்வாமி மனைவியோடு செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கி, கையில் பெரிய ரோஜா மாலையுடன் வாசலில் வந்து நின்றார்.

“எப்ப எடுக்கறாங்க?”

“எதை எடுக்கறாங்க? உள்ளே வா, இட்லி சாப்பிடு.”

அனந்தகிருஷ்ணன் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிணத்துக்கென்று வாங்கின மாலையை சாமி படத்துக்குப் போட கோவிந்தராஜனின் மனைவி புஷ்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. குப்பையில் போடவும் கை வரவில்லை. கடைசியில் அதைக் கோவிந்தராஜனின் பழைய ஸ்கூட்டருக்குப் போட்டார்கள். அதுவும் செத்துத்தான் கிடந்தது.

இந்த வீட்டின் ஒரே மகள் அக்ஷதா. வயது இருபத்துநான்கு. மல்லாபூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் எழுதப்படும் குறிப்புகளில் பிழை இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். பள்ளியில் அவள் படித்தது தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துகளைப் பத்தொன்பது வயதில், பழைய பாடப்புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகக் கற்றாள். தினமும் நாட்குறிப்பு எழுதுவாள். எழுதி முடித்ததும் ஒருதரம் படித்து, சந்தேகமான சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போடுவாள். சில நாட்களில் பக்கம் முழுக்கக் கோடாகவே இருக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்த மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவள் தார்நாக்காவில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போனாள். டிபன் கடைக்கு மேலே ஓர் அறை. கிரிஜா மிஸ் பாடம் நடத்தும்போது கீழேயிருந்து தோசை வாசனை வந்து எல்லோருடைய இலக்கணத்தையும் குலைக்கும். பக்கத்து இருக்கை ஹர்ஷா அக்மார்க் தெலுங்குப் பையன். தமிழைச் சினிமா பார்த்தே கற்றவன், அதனால் எதைச் சொன்னாலும் வசனம் மாதிரிச் சொல்வான். அவன்தான் ஒருநாள் அந்தத் தொடரைப் பற்றிச் சொன்னான்.

“பாரு அக்ஷதா. ஜப்பான் அனிமே. பேரு ‘வதாஷி’.”

“வதாஷின்னா நான்தானே? மொதல் பாடத்துலயே வந்ததே.”

“அதே சத்தம்தான், வேற எழுத்து. ஓடத்துறைன்னும் அர்த்தம் உண்டு. வாள் சண்டை இல்ல, பறக்கறது இல்ல. உக்காந்து பேசறாங்க, அவ்வளவுதான். எனக்குத் தூக்கம் வந்திருச்சு. உனக்குப் பிடிக்கும்.”

பிடித்தது. பிடித்தது என்பது போதாத சொல். பழைய காலத்து ஜப்பானில் ஓர் ஆற்றுத்துறை. அங்கே சுங்கம் வசூலிக்க வந்த கணக்கன் கிஹெய். ஆற்றைக் கடக்கிறவர்கள் காசு கொடுக்க வேண்டும். காசு இல்லாதவர்கள் ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும். தினமும் அந்தி வேளையில் மினாவோ என்கிற பெண் அக்கரையிலிருந்து வருகிறாள். அவள் அந்த ஆற்றின் ஆவி. ஆற்றுக்குக் காசு ஏது? மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு கேள்வி. முழுத்தொடரும் அவ்வளவே.

ஆனால் அந்தப் பேச்சு! புடவைக் கடையில் கைதேர்ந்த இருவர் பேரம் பேசுவதைப் போல இருக்கும். விலையைத் தவிர எல்லாவற்றையும் பேசுவார்கள். அவன் மழையைப் பற்றிக் கேட்பான், அவள் மீனைப் பற்றிப் பதில் சொல்வாள், இரண்டுக்கும் நடுவே ‘உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்பது யாரும் சொல்லாமலே உட்கார்ந்திருக்கும். யார் முதலில் அதைச் சொல்கிறார்களோ அவர் தோற்றவர். அக்ஷதாவின் தொழிற்சாலையில் யாரும் யாருடனும் பேசுவதில்லை, முகத்தில் முகமூடி. வீட்டில் அப்பா பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். இரண்டு பேர் சமமாக உட்கார்ந்து, ஒருவர் சொல்லை ஒருவர் ஏந்திக்கொண்டு இப்படிப் பேச முடியும் என்பதை அவள் அந்தத் திரையில்தான் முதலில் கண்டாள்.

பிறகு அதை நேரிலும் கண்டாள், அல்லது கண்டதாக நினைத்தாள்.

தமிழ்ச்செல்வன் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்காகக் கம்பெனியே அவனை வகுப்புக்கு அனுப்பியிருந்தது. கவிதை எழுதுவான், இன்ஸ்டாகிராமில் போடுவான். வகுப்பில் வேறு தமிழ் ஆட்கள் இல்லாததால் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவனும் ‘வதாஷி’ பார்த்தான். வகுப்பு முடிந்து மெட்ரோவுக்கு நடக்கையில் அவன் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். நுழைவுக் கதவருகே கையை நீட்டி மறித்துக்கொண்டு, “சுங்கம்!” என்பான். ஒரு கேள்வி, ஒரு உண்மை. தார்நாக்காவிலிருந்து மெட்டுகுடா ஒரே ஒரு ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனுக்காக அவள் இரண்டு மூன்று வண்டிகளைப் போகவிட்டாள்.

ஒருநாள் அவன் கேட்டான்: “உனக்கு எதைக் கண்டா பயம்?”

அன்றுதான் முதல்முறையாக ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

“நான் பேசறது, எழுதறது எதுவும் தமிழே இல்லையோன்னு பயம். ஊர்ல கேட்டா சிரிப்பாங்களோன்னு.”

“சே, நான் இருக்கேன்ல. நான் பாத்துச் சொல்றேன்.”

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்களில் அவன் ஒரு செய்தி கொண்டுவந்தான். சென்னையில் ஒரு நிறுவனம் ‘வதாஷி’யைத் தமிழில் கொண்டுவரப் போகிறது. கொஞ்சம் ஜப்பானியம் தெரிந்த வசனகர்த்தா தேவை. நாலாவது பகுதியை மாதிரிக்கு எழுதி அனுப்பச் சொல்கிறார்கள்.

“ரெண்டு பேரும் சேந்து பண்ணுவோம். நீ மொதல்ல எழுது, நான் மெருகேத்தறேன். ரெண்டு பேர் பேரும் போட்டு அனுப்புவோம்.”

அக்ஷதா எழுதினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அகராதி பார்த்து, கிரிஜா மிஸ்ஸைத் தொல்லைப்படுத்தி எழுதினாள். எழுதும்போது ஒரு விசித்திரம் நடந்தது. கிஹெய் பேசுவதற்கு அவள் சொல் தேட வேண்டியிருந்தது. மினாவோவோ வாயைத் திறந்தாலே புஷ்பாவைப் போலவும், எதிர்வீட்டு தாயம்மாள் அத்தையைப் போலவும், தன்னைப் போலவும் பேசினாள். நாலாவது பகுதியின் நடுவில் ஓர் இடம். கிஹெய் அன்றைய சுங்கமாகக் கேட்கிறான், இதற்கு முன் யாரையாவது விரும்பியிருக்கிறாயா, எப்போது என்று. அவள் சொல்கிறாள், ‘கோனோ ஐதா.’ அண்மையில் ஒரு நாள் என்கிறது அகராதி. அக்ஷதா யோசிக்கவேயில்லை. கை தானாக எழுதியது.

‘முந்தாநாள்.’

‘அவர் இப்போ எங்கே?’

‘மலை மேல கோயில் தெரியுதில்ல? அதைக் கட்டினவன் அவன்தான்.’

திரையில் அந்தக் கோயில் பாசி பிடித்து, கூரை சரிந்து நிற்கும். கட்டி முந்நூறு வருஷம் ஆனது.

மே மாதக் கடைசியில் எழுதி முடித்ததைத் தமிழ்ச்செல்வனுக்கு அனுப்பினாள். ‘படிச்சுட்டுச் சொல்றேன்’ என்று பதில் வந்தது. வாரங்கள் போயின. கேட்கக் கூச்சம். ஒவ்வொரு வகுப்பிலும் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் தோசையைப் பற்றிப் பேசுவான்.

ஜூலையில், செகந்திராபாத்தில் போனாலு என்கிற அம்மன் திருவிழா நடந்த ஞாயிற்றுக்கிழமை, வகுப்புக்குப் பாதிப் பேர் வரவில்லை. தெருவில் மேளம் காதைப் பிளந்தது. செல்வன் அவளைக் கடைசி பெஞ்சுக்குக் கூப்பிட்டு மடிக்கணினியைத் திறந்தான்.

“கோவிச்சுக்காதே. கேட்டா சொல்லணும்ல. ‘முந்தாநாள்’னு எழுதியிருக்கியே, முந்தாநாள்னா என்ன?”

“முன்னாடி எப்பவோ...”

“முந்தாநாள்னா ரெண்டு நாளைக்கு முன்னாடி! இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, முந்தாநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையா அந்தக் கோயிலைக் கட்டுனான்? என்ன, மேஸ்திரிக்கு ஓவர்டைமா?”

அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவளும் கூடச் சிரித்தாள், வேறென்ன செய்வது. முகம் மட்டும் எரிந்தது. ஆம்பூர் மாலைக் கதை ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோமே, அந்த அப்பாவின் மகள்தானே நாம் என்று பட்டது.

“நல்ல தமிழ்ல ‘நெடுங்காலத்துக்கு முன்’னு போடலாம். இது ஒண்ணு இல்ல அக்ஷதா, பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான் இருக்கு. மினாவோ பேசறது தமிழே இல்ல. ஹைதராபாத் பிரியாணி மாதிரி இருக்கு, எல்லாத்தையும் போட்டுக் கிண்டி...”

பயம் என்று அவள் சொன்ன அதே சொற்கள் அவன் வாயிலிருந்து வந்தன. ஆகவே அவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். மினாவோ பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுகிறவளைப் போல ஆனாள். படித்துப் பார்த்த செல்வன் பெருமூச்சு விட்டான். “தேறாது போலிருக்கே. அனுப்பி நம்ம பேரைக் கெடுத்துக்கணுமா?”

“வேணாங்க, அனுப்பாதீங்க,” என்றாள் அக்ஷதா. “உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன். ஸாரி.”

மன்னிப்புக் கேட்டாள்! அதை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அன்றிலிருந்து நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தாள். அதில் கோடு போட எதுவும் இருக்கவில்லை, திரும்பப் படிக்கவும் எதுவும் இருக்கவில்லை. தசரா முடிந்ததும் செல்வன் ஓவர்டைம் என்று வகுப்பை நிறுத்தினான். செய்திகளுக்குப் பதில் குறைந்தது. வேலைப் பளு, பாவம் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

டிசம்பரில் ஒரு மாலை ஹர்ஷா வகுப்புக்குள் ஓடிவந்தான்.

“வதாஷி தமிழ்ல வந்திருச்சு! வசனம் யாருன்னு சொல்லு பாக்கலாம். நம்ம ஆளு! தமிழ்ச்செல்வன்! உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லலியா?”

“தெரியாது,” என்றாள். ஆனால் உடனே மனசு அவனுக்காக வாதாடத் தொடங்கிவிட்டது. அவளுடையது தேறாமல் போனபின் அவனாகப் புதிதாக எழுதி அனுப்பியிருப்பான். அவள் வருத்தப்படுவாள் என்று சொல்லாமல் விட்டிருப்பான். அதிலென்ன தப்பு? நல்ல தமிழ் தெரிந்தவன் எழுதினான், கிடைத்தது.

வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தாள். கோவிந்தராஜன் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். புஷ்பா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் மூன்று பகுதிகள் சுமார். மினாவோ மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நாலாவது பகுதி ஆரம்பித்ததும் புஷ்பா கத்தியை நிறுத்தினாள்.

“இந்தப் பொண்ணு நம்மூரா? நம்ம வீட்டுல பேசறாப்பல பேசறாளே.”

அடுத்து என்ன வரும் என்று அக்ஷதாவுக்கு ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்திருந்தது. திரையில் கிஹெய் கேட்டான். மினாவோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

‘முந்தாநாள்.’

கேமரா மெல்ல நகர்ந்து கோயிலைக் காட்டியது.

“ஹவ், ஆமா, சரியாத்தானே சொல்றா,” என்றார் கோவிந்தராஜன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். “பழைய கோயில்தான்.”

மாற்றி எழுதுவதற்கு முந்தைய வசனம். ஒரு சொல், ஒரு நிறுத்தம் மாறவில்லை. அக்ஷதா எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அப்போதும் அவளுக்குள் இருந்த அந்தப் பிழை பார்க்கும் பெண் ஓயவில்லை. பொறு, என்றாள் அவள். மாற்றினது நன்றாக இல்லை என்று பிறகு அவனுக்கே தோன்றியிருக்கலாம். பழையதை எடுத்திருக்கலாம். திருட்டுதான், ஆனாலும் அன்றைக்குச் சிரித்தது நிஜமான சிரிப்பாக இருந்திருக்கலாமே. இந்த ஒன்றை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு நிஜமென்றால் அவன் அவளுக்கு உண்மையானவனாக இருந்த ஒரு நாளாவது மிஞ்சும்.

ஊரெல்லாம் அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச்சு. ‘முந்தாநாள்’ என்று அச்சடித்த பனியன்கூட வந்துவிட்டது. ஒரு யூடியூப் பேட்டியில் செல்வனும் டப்பிங் இயக்குநர் வேதவல்லியும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வன் புதுச்சட்டை போட்டிருந்தான்.

“அது ரொம்ப யோசிச்சு வெச்ச உத்திங்க,” என்றான். “முந்நூறு வருஷம் அவளுக்கு ரெண்டு நாள். காலத்தைச் சுருக்கணும். அதுக்குச் சரியான தமிழ்ச்சொல் எதுன்னு தேடினேன்.”

வேதவல்லி சிரித்தார். “எனக்கு இப்பவும் ஞாபகமிருக்கு. ஜூன்ல ஸ்கூல் திறந்த அன்னிக்கு, எங்க சின்னவளுக்கு ஒண்ணாங்கிளாஸ் மொத நாள். கேட்டுக்கு வெளியில நின்னுக்கிட்டே போன்ல இவர் அனுப்பின மாதிரியைப் படிச்சேன். அந்த ஒரு வார்த்தையில முடிவு பண்ணிட்டேன், இவர்தான்னு. ரெண்டே நாள்ல கூப்பிட்டுச் சொல்லிட்டோம்.”

அக்ஷதா பேட்டியைப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி கேட்டாள். ஜூன். போனாலு ஜூலை.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தபோது, அந்தச் சொல்லுக்காகவே அவனுக்கு வேலை கிடைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாலாநகர் போனாள். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. செல்வன் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பிறகு சிரித்துக்கொண்டே வந்தான்.

“வாங்க அக்ஷதா! சொல்லியிருந்தா நானே தார்நாக்கா வந்திருப்பேனே. டீ சொல்லவா?”

வாங்க. அவன் மறுபடி மரியாதைக்குப் போயிருந்தான்.

“நாலாவது எபிசோட் பாத்தேன்,” என்றாள்.

“எப்படி இருந்துச்சு?”

“யார் எழுதினதுன்னு தெரியாம பாத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.”

அவன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “கோவம் நியாயம்தாங்க. உங்க பேரையும் போடச் சொல்லிக் கேக்கலாம்னுதான் இருந்தேன். ஒப்பந்தம் ஒருத்தர் பேர்லதான் போடுவோம்னுட்டாங்க. அப்பறம் சொல்லலாம் சொல்லலாம்னு...”

“நான் பேரைக் கேக்க வரலை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போனாலு அன்னிக்கு அந்த வார்த்தை தப்புன்னு சொன்னீங்களே. தப்புன்னு நெனச்சுத்தான் சொன்னீங்களா?”

“சத்தியமா. அப்ப அப்படித்தான் பட்டுச்சு. அப்பறம் யோசிச்சப்பதான்...”

“அப்பறம்னா எப்ப?”

“அப்பறம்னா... அப்பறம்தான். தேதியெல்லாம் ஞாபகமில்லைங்க.”

“வேதவல்லி மேடத்துக்கு இருக்கே. அவங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போன அன்னிக்கு. உங்க ஊர்ல ஸ்கூல் ஜூன்லதானே திறப்பாங்க?”

ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“அந்தச் சிரிப்பு,” என்றாள் அக்ஷதா. “கண்ணுல தண்ணி வந்துச்சே. அது எப்படி வந்துச்சு? வீட்டுல கண்ணாடி முன்னாடி ப்ராக்டீஸ் பண்ணீங்களா?”

“அக்ஷதா, ப்ளீஸ்...”

“கைக்கு?” வீட்டு உருது தானாக வந்துவிட்டது. “எதுக்காக? எடுத்துக்கிட்டீங்க, சரி. எடுத்துக்கிட்டுப் பேசாம இருந்திருக்கலாமில்ல? எனக்கு எதுல பயம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதையே எடுத்து...”

செல்வன் கிளாஸைக் கீழே வைத்தான். முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான்.

“நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா நீங்களே தனியா அனுப்பியிருப்பீங்க. அதான். உங்களுக்கு அது சும்மா வருதுங்க. வீட்டுல பேசற மாதிரி எழுதிட்டுப் போயிடறீங்க. நான் பத்து வருஷமா எழுதறேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி அப்படி விழல எனக்கு. அதைப் படிச்ச அன்னிக்கு நான் தூங்கல.”

மே மாதத்திலிருந்து அவள் அவனிடம் கேட்க ஏங்கிய பாராட்டு அதுதான். இதைவிட மேலாக யாரும் சொல்லிவிட முடியாது. அது வந்து சேர்ந்த விதம்தான், பாலில் பல்லி விழுந்த மாதிரி இருந்தது.

அவள் எழுந்து போகாததை அவன் இளகியதாக எடுத்துக்கொண்டான் போலும். போனை எடுத்தான்.

“ரெண்டாவது சீசன் கொடுத்திருக்காங்க. மொத சீனே நகர மாட்டேங்குது. குளிர்காலம் முழுக்க வராம இருந்துட்டு கிஹெய் திரும்பி வரான். மினாவோ ஒரே வார்த்தைதான் சொல்றா, ‘ஒஸோய்’. தாமதம்னு அர்த்தம். ‘தாமதமாக வந்திருக்கிறாய்’னு போட்டேன். மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க, மினாவோ எங்கே போயிட்டான்னு கேட்டு. நீங்க ஒரு பார்வை பாத்தா... இந்தத் தடவை உங்க பேரு கண்டிப்பா வரும். அதுக்கு நான் பொறுப்பு.”

“நக்கோ,” என்று மறுத்தாள் அக்ஷதா.

“யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல.”

“நக்கோன்னா நக்கோ. அதுக்கு நல்ல தமிழ்ல என்னன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

டீயைத் தொடாமல் எழுந்து நடந்தாள்.

அமீர்பேட்டில் வண்டி மாறும்வரை அழுகை வரவில்லை. மாறினபின் உட்கார இடம் கிடைத்தது, அதனால் வந்தது. எதிரே இருந்த அம்மாள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அக்ஷதா வாங்கிக் குடித்தாள். அவனைப் பற்றி நினைக்க நினைக்க, கோபத்தைவிட அந்த மெட்ரோ வாசல் மாலைப்பொழுதுகள்தான் வலித்தன. ‘சுங்கம்’ என்று அவன் கையை நீட்டியபோது அவள் உண்மையைக் கொடுத்திருந்தாள். பதிலுக்கு அவன் சொன்னவற்றில் எது உண்மை, எது ஒத்திகை? இனி ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தாலும் தெரியப்போவதில்லை.

பரேட் கிரவுண்ட் தாண்டியதும், அழைக்காமலே, குளிர்காலம் முடிந்து திரும்பி வந்த கிஹெய்யும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மினாவோவும் மனத்துக்குள் வந்து நின்றார்கள். அவள் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். மினாவோ காத்திருக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

‘இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?’

அக்ஷதா போனை எடுத்து அதை எழுதினாள். அதற்குக் கிஹெய் சொல்லும் சாக்கை எழுதினாள். அதற்கு அவள் திருப்பிக் கொடுப்பதை எழுதினாள். பத்துப் பன்னிரண்டு வரி. இன்ஸ்டாகிராமில் வேதவல்லியின் பக்கத்தைத் தேடி, செய்திப் பெட்டியைத் திறந்து, மேலே இப்படித் தட்டினாள்:

‘மேடம், நாலாவது பகுதியில் மினாவோ பேசியதை எழுதினது நான். என் பெயர் அக்ஷதா. மெட்டுகுடாவில் இருக்கிறேன். நம்புவதற்கு உங்களிடம் காரணம் இல்லை. இரண்டாம் சீசன் முதல் காட்சியைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்துப் பாருங்கள்.’

‘எழுதினது’ சரியா, ‘எழுதியது’ சரியா? ‘வழி தெரிஞ்சுதா’ என்று தமிழ்நாட்டில் சொல்வார்களா, இல்லை இதுவும் மெட்டுகுடாவில் மட்டும் சொல்வதா? யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நல்லது. கட்டைவிரல் பழக்கதோஷத்தில் நகர்ந்து, செல்வனின் பெயர் மேல் போய் நின்றது.

அவள் அதைப் பார்த்தபடி இருந்தாள். கேட்பதற்கு வேறு ஆள் யாரும் அவளுக்கு இருக்கவில்லை. அவன்தான் இருந்தான்.

செகந்திராபாத் கிழக்கு வந்தது. கூட்டம் இறங்கியது, கூட்டம் ஏறியது. அவள் வேதவல்லிக்கு எழுதிவைத்த செய்தியையே மறுபடி திறந்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினாள். பிழை இருந்தால் இருக்கட்டும், அது அவளுடைய பிழை. கண்ணாடிக்கு வெளியே ரயில்வே குடியிருப்பின் கூரைகள் தெரிய ஆரம்பித்ததும் பாட்டிலை அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவருகே போய் நின்றாள்.